என்ஜின் கூலன்ட்: தெரிவு செய்வதும் மாற்றுவதும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஓடும், பெரும்பாலும் ஜப்பானிலிருந்து இறக்குமதியான கார்களை மனத்திற்கொண்டு இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. உங்கள் வாகனத்தின் கையேடு வேறுவிதமாகச் சொன்னால், கையேட்டின்படியே செய்யுங்கள்.

கொழும்பில் தண்ணீர் உறைவதே இல்லையே, ரேடியேற்றருக்கு வெறும் தண்ணீர் விட்டால் என்ன?

உறைவதைப் பற்றி நாம் கவலைப்படத் தேவையில்லை என்பது சரிதான். நுவரெலியாவில் ஆண்டின் தொடக்க மாதங்களில் சில விடிகாலைகளில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு என்றாலும், அது என்ஜினைப் பிளக்கும் குளிரல்ல. ஆகவே கூலன்ட் போத்தலில் கொட்டை எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் மறை 37 பாகை என்ற உறைநிலைக் கணக்கு நமக்கு எந்த வகையிலும் உதவாது. நமக்கு வேண்டியது அதே போத்தலில் மிகச் சிறிய வீதத்தில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள்தாம்.

ஓர் என்ஜினுக்குள் அலுமினியம், வார்ப்பிரும்பு, உருக்கு, சில வாகனங்களில் செம்பும் ஈயப் பற்றாசும் என்று பல உலோகங்கள் ஒரே திரவத்தில் நனைந்தபடி இருக்கின்றன. 90 பாகை வரை சூடான தண்ணீர், அதில் கரைந்துள்ள ஒட்சிசன், ஒன்றுக்கொன்று தொடர்புள்ள வெவ்வேறு உலோகங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அரிப்பு தொடங்குவதற்கு வேறெதுவும் தேவையில்லை. இரும்பு துருப்பிடித்துக் கபில நிறச் சேறாகி ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களில் படிகிறது. அலுமினியத்தில் ஊசி குத்தியதுபோல் சிறு குழிகள் விழுந்து, ஒரு நாள் அவை துளைகளாகின்றன. தண்ணீர் பம்பின் சீல் வழவழப்புக்காக நம்பியிருப்பதும் இந்தத் திரவத்தைத்தான். வெறும் தண்ணீரில் ஓடிய காரின் ரேடியேற்றர் மூடியைத் திறந்து உட்புற ரப்பர் வளையத்தில் விரலை ஓட்டிப் பார்த்தால், தேயிலைச் சாயம் போன்ற கறை விரலில் ஒட்டும். அந்த நிலையில் கூலன்ட் விட்டாலும் அரித்துப்போன உலோகம் திரும்பி வராது.

தண்ணீரைவிடக் கூலன்ட் என்ஜினை நன்றாகக் குளிர்விக்குமா?

இல்லை. வெப்பத்தைச் சுமந்து செல்லும் ஆற்றலில் தண்ணீரே சிறந்தது. கூலன்டின் அடிப்படைத் திரவமான எதிலீன் கிளைக்கோல் சேரச் சேரக் கலவையின் தன்வெப்பக் கொள்ளளவு குறைகிறது. கூலன்டின் பெயரே மக்களை ஏமாற்றுகிறது என்று தோன்றுகிறது. அது தரும் நன்மைகள் அரிப்பைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும்தான்.

கொதிநிலையைப் பொறுத்தவரையிலும் பாதிக்குப் பாதி கலந்த கலவை, சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ 107 பாகையில் கொதிக்கும். அதாவது தண்ணீரைவிட ஏழெட்டுப் பாகை கூடுதலாக. ஆனால் ரேடியேற்றர் மூடி தாங்கும் அமுக்கம் இதைவிட மூன்று மடங்கு வேலை செய்கிறது. ஜப்பானியக் கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அமுக்க எண் பொறித்திருப்பதைக் காணலாம். 1.1 மூடி சரியாக இறுகியிருந்தால் வெறும் தண்ணீர்கூட 120 பாகையைத் தாண்டிய பிறகே கொதிக்கும். பாதிக்குப் பாதிக் கலவையோ 130 பாகையை நெருங்கும். விலையுயர்ந்த கூலன்டை விட்டுவிட்டு, ரப்பர் வெடித்த பழைய மூடியையே திருகி வைப்பதில் பயனில்லை. கூலன்ட் மாற்றும் அன்றே மூடியையும் பாருங்கள். வாங்குவதானால் அதே எண் உள்ளதை வாங்குங்கள். எண்ணைக் கூட்டினால் நல்லது என்று நினைத்து அதிக அமுக்க மூடியைப் போட்டால், பழைய ஹோஸ் குழாய்களும் ரேடியேற்றரின் பிளாஸ்டிக் தொட்டியும்தான் முதலில் வாய் திறக்கும்.

சிவப்பு, இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று பல நிறங்கள் உள்ளன. எந்த நிறத்தை வாங்க வேண்டும்?

நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். நிறம் என்பது உற்பத்தியாளர் விரும்பிச் சேர்க்கும் சாயம் மட்டுமே. ஒரே நிறத்துக்கு ஒரே சேர்மானம் என்று எந்த உலகப் பொது விதியும் இல்லை. பச்சை என்றால் பழைய வகை, இளஞ்சிவப்பு என்றால் புதிய வகை என்ற வாய்ப்பாடு கடைகளில் நன்றாக ஓடுகிறது, ஆனால் ஒரு நிறுவனத்தின் பச்சை இன்னொன்றின் இளஞ்சிவப்பைவிட நீடித்து உழைப்பதாகவும் இருக்கலாம்.

உண்மையான வேறுபாடு தடுப்பான்களில் இருக்கிறது. பழைய வகைகள் சிலிக்கேட் போன்ற கனிம உப்புகளைக் கொண்டவை. அவை உலோகத்தின் மேற்பரப்பு முழுவதையும் விரைவாக ஒரு மென்படலத்தால் மூடுகின்றன, அதனாலேயே விரைவாகத் தீர்ந்தும் போகின்றன. சேதன அமிலங்களைக் கொண்ட வகைகள், அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் செயற்படுவதால் மெதுவாகச் செலவாகி நீண்ட காலம் நிற்கின்றன. மூன்றாவது, இரண்டையும் கலந்த கலப்பு வகை. இதில்தான் ஜப்பானும் ஐரோப்பாவும் பிரிகின்றன: ஜப்பானிய உற்பத்தியாளர்கள் தண்ணீர் பம்பின் சீலைக் கருதிச் சிலிக்கேட்டைத் தவிர்த்துப் பொஸ்பேற்றைச் சேர்க்கிறார்கள், ஐரோப்பியர்கள், தங்கள் நாட்டுக் கடினநீரில் பொஸ்பேற் படிவு உண்டாக்கும் என்பதால் அதைத் தவிர்த்துச் சிலிக்கேட்டை வைத்திருக்கிறார்கள்.

டொயோட்டா கையேட்டில் நிறத்துக்கு முன்னதாக ஒரு வரி இருக்கும்: சிலிக்கேட், அமைன், நைத்திரைற்று, போரேற்று ஆகிய நான்கும் இல்லாத, நீண்டகாலக் கலப்புச் சேதன அமிலத் தொழில்நுட்பம் கொண்ட எதிலீன் கிளைக்கோல் கூலன்ட். கடையில் கேட்க வேண்டிய வாசகம் இதுதான். ஹோண்டாவின் நீலமும் சுசூகியின் நீலமும் இதே ஜப்பானிய மரபைச் சேர்ந்தவை. வொக்ஸ்வாகன், அவுடி வைத்திருப்போர் ஜி12, ஜி13 என்ற குறியீடுகளில் தங்கள் கையேடு எதைச் சொல்கிறதோ அதைப் பின்பற்ற வேண்டும்.

இரண்டு வகைகளைக் கலந்துவிட்டால் என்ன ஆகும்?

உடனே ஒன்றும் ஆகாமல் போகலாம். தடுப்பான்கள் ஒன்றையொன்று பலவீனப்படுத்தி, ஐந்தாண்டு நிற்க வேண்டியது இரண்டாண்டிலேயே செயலிழப்பதுதான் வழக்கமான விளைவு. சில சேர்க்கைகள் கூழாகித் திரண்டு குழாய்களை அடைப்பதும் உண்டு. வழியில் வேறு வகை மட்டுமே கிடைத்தால் அதைவிடக் காய்ச்சி வடித்த நீரைச் சிறிதளவு விட்டு வீடு வந்து சேர்வது மேல்.

பஞ்சிகாவத்தை அல்லது தெல்கந்தை உதிரிப்பாகக் கடைகளில் போத்தல் வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலில், அது செறிவா அல்லது கலந்து ஆயத்தமாக விற்கப்படுவதா என்று பாருங்கள். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். டொயோட்டாவின் பழைய சிவப்புக் கூலன்ட் தண்ணீர் கலக்க வேண்டிய செறிவு. இளஞ்சிவப்பு நீண்டகாலக் கூலன்ட் ஏற்கெனவே பாதிக்குப் பாதி கலந்தது. போத்தலில் இரண்டும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். கலந்ததில் மீண்டும் பாதி தண்ணீர் விட்டால் கிளைக்கோல் 25 வீதமாகிவிடும். பொதுவாக 30 வீதத்துக்குக் கீழே அரிப்புத் தடுப்புப் போதாது. மறுபுறம், செறிவை அப்படியே ஊற்றுவது தாராளம் அல்ல, தவறு. தூய எதிலீன் கிளைக்கோல் வெப்பத்தை மந்தமாகவே கடத்தும். 60, 70 வீதத்துக்கு மேல் அதைச் சேர்ப்பதில் நன்மையில்லை.

அடுத்து, ஜப்பானியத் தரமான ஜே.ஐ.எஸ். கே 2234, அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.ரி.எம். டி 3306 போன்ற ஏதேனும் ஒரு தரக் குறியீடு இருக்கிறதா என்று லேபலைத் திருப்பிப் பாருங்கள். நான்கு லீற்றர் கலன் வியப்பூட்டும் விலைக்குக் கிடைத்து, அதன் லேபலில் கிளைக்கோலின் வீதமோ தரக் குறியீடோ இல்லாமல் பளபளக்கும் ரேடியேற்றர் படம் மட்டும் இருந்தால், அதைச் சாயம் போட்ட தண்ணீர் என்றே கருதி விலகுவது என் வழக்கம். மூடியின் உட்புறப் படலம் கிழிந்திருந்தாலும் வேண்டாம்.

செறிவுடன் எந்தத் தண்ணீரைக் கலக்கலாம்?

காய்ச்சி வடித்த நீர், அல்லது கனிமம் நீக்கிய நீர். பற்றரிக்கு விடும் நீர் என்று கடைகளில் விற்பது இதுவே. பற்றரி அசிட் போத்தலும் அதே தட்டில் இருக்கக்கூடும் என்பதால் பெயரைப் படித்து வாங்குங்கள். கொழும்பின் குழாய்நீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனி ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படுவது. அதில் சுண்ணாம்பு குறைவு, ஆனால் குளோரைட்டு அலுமினியத்துக்கு ஆகாது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரை எந்த நிலையிலும் விட வேண்டாம். சுண்ணாம்புக் கற்பாறையிலிருந்து ஊறும் அந்த நீர் கேத்தலின் அடியில் விடும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்தவர்களுக்கு, அது என்ஜினுக்குள் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பொஸ்பேற் உள்ள ஜப்பானியக் கூலன்டுடன் சேரும்போது படிவு இன்னும் விரைவாகும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு லீற்றர் கலந்த கூலன்டைப் பின்பெட்டியில் எடுத்துச் செல்வது நல்லது.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

டொயோட்டாவின் இளஞ்சிவப்பு வகைக்கு முதல் மாற்றம் 160,000 கிலோமீற்றரில், அதன்பின் ஒவ்வொரு 80,000 கிலோமீற்றருக்கும். ஹோண்டாவும் சுசூகியும் இதே பாணியில் முதல் இடைவெளியை நீளமாகவும் அடுத்தவற்றை அதில் பாதியாகவும் வைத்திருக்கின்றன. பழைய சிவப்புச் செறிவு இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீற்றர்.

கேள்வி கேட்பவர்கள் பலர் அந்த 160,000 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது தொழிற்சாலையில் ஊற்றிய முதல் கூலன்டுக்கு மட்டுமே உரியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. எனவே இங்கு ஓடும் அக்குவா, வெசல், பிரியஸ், வேகன்-ஆர் கார்களில் பல முதல் இடைவெளியைக் கடந்துவிட்டன, அல்லது எல்லையில் நிற்கின்றன. இடையில் கைமாறிய வாகனத்தில் யார் எதை ஊற்றினார்கள் என்பதற்குப் பதிவும் இராது. மீற்றர் காட்டும் கிலோமீற்றரை எவ்வளவு நம்பலாம் என்பதும் தனிக் கேள்வி. போதாக்குறைக்கு, காலி வீதியில் மாலை ஐந்து மணிக்குப் பம்பலப்பிட்டியிலிருந்து தெகிவளைக்குப் போகும் கார் சில கிலோமீற்றர் மட்டுமே நகர்ந்திருக்கும், என்ஜினோ வெகுநேரம் சூட்டில் ஓடியிருக்கும். கூலன்டுக்குத் தெரிவது சூட்டில் கழிந்த நேரந்தான். கிளைக்கோல் சூட்டிலும் ஒட்சிசனிலும் மெல்லச் சிதைந்து அமிலங்களாக மாறுகிறது, தடுப்பான்கள் அந்த அமிலத்தைத் தணிப்பதிலேயே செலவாகின்றன.

என் பரிந்துரை இதுதான்: வரலாறு தெரியாத வாகனமானால் இப்போதே முழுமையாக மாற்றி, திகதியை மூடிக்கு அருகில் எழுதி ஒட்டிவிட்டு, அதன்பின் நான்கு ஆண்டு அல்லது 80,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள்.

ஹைபிரிட் காரில் வேறு ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

பிரியஸ், அக்குவா போன்ற டொயோட்டா ஹைபிரிட்களில் என்ஜினுக்கு ஒன்றும், பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்கு ஒன்றுமாக இரண்டு தனித்தனிச் சுற்றுகள் உள்ளன. கூலன்ட் ஒரே வகை, தாங்கிகள் இரண்டு. பல கராஜ்களில் என்ஜின் பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். இன்வேர்ட்டர் தாங்கியின் மூடியைத் திறந்து, கார் ரெடி நிலையில் (READY விளக்கு எரியும்போது) உள்ளே பார்த்தால் திரவம் சலசலவென அசைய வேண்டும். அசைவே இல்லையென்றால் அந்தச் சுற்றின் மின் பம்ப் வேலை செய்யவில்லை. இன்வேர்ட்டர் சூடேறி வாகனம் நடுவீதியில் நிற்கும் முன் அதைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் தலைமுறைப் பிரியஸிலும் அக்குவாவிலும் என்ஜினின் தண்ணீர் பம்பும் பெல்ட் இல்லாத மின் பம்ப்தான். ஆகவே கூலன்ட் மாற்றியபின் காற்றை வெளியேற்றும் முறை சாதாரணக் கார்களுக்கு உரியதல்ல. அந்த முறையை அறிந்த இடத்திலேயே கொடுங்கள். ஹைபிரிட் பற்றரி இவற்றில் காற்றினால் குளிர்விக்கப்படுவதால், அதற்கும் கூலன்டுக்கும் தொடர்பில்லை.

சாதாரண பெற்றோல் காரில் நானே வீட்டில் மாற்றலாமா?

பொறுமை இருந்தால் மாற்றலாம். என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும் என்பதே முதலும் கடைசியுமான விதி. இரவு முழுவதும் நின்ற காரில் காலையில் தொடங்குவது நல்லது. மூடியைத் திறந்து, ரேடியேற்றரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வடிகாற் திருகைக் கையால் மெதுவாகத் தளர்த்துங்கள். பழைய கார்களில் இந்தத் திருகு மொறுமொறுத்துப் போயிருக்கும். குறடு வைத்து முறுக்கினால் கழுத்தோடு ஒடிந்துவிடும், பிறகு அன்றைய வேலை ரேடியேற்றர் தேடுவதாகிவிடும். அசையாவிட்டால் கீழ் ஹோஸின் கிளிப்பைக் கழற்றி வடியுங்கள்.

வடிந்ததை அளந்து பாருங்கள். ரேடியேற்றரிலிருந்து மட்டும் வடித்தால் மொத்தத்தில் பாதியளவே வெளிவரும். மீதி என்ஜின் பிளாக்கிலும் ஹீற்றரிலும் தங்கும். கையேட்டிலுள்ள மொத்தக் கொள்ளளவுடன் ஒப்பிட்டால் உள்ளே எவ்வளவு பழையது நிற்கிறது என்பது தெரியும். பழையது தெளிவாகவும் அதே வகையாகவும் இருந்தால் கவலை வேண்டாம். கபிலமாக இருந்தால், காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, என்ஜினைச் சூடாகும்வரை ஓட்டி, மீண்டும் ஆறவிட்டு வடிப்பதை நீர் தெளியும்வரை செய்ய வேண்டும். அவ்வாறு கழுவிய பிறகு பிளாக்கில் தூய நீர் தங்கியிருக்கும் என்பதால், அடுத்ததாகக் கலந்த கூலன்டை விடாமல், மொத்தக் கொள்ளளவில் பாதியளவுக்குச் செறிவை விட்டு மீதியை நீரால் நிரப்பினால் வீதம் சரியாகும்.

நிரப்பும்போது அவசரம் கூடாது. ஹீற்றர் உள்ள காரானால் அதன் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பி, மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கிக் குமிழ்களை வெளியேற்றுங்கள். மூடியில்லாமல் என்ஜினை ஓடவிட்டால், தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேற்றருக்கு விடும் அடைப்பான்) திறக்கும் நேரத்தில் மட்டம் திடீரெனத் தாழும்; அப்போது நிரப்பி மூட வேண்டும். ரிசேவ் தாங்கியையும் கழற்றிக் கழுவி, இரு கோடுகளுக்கு இடையில் நிரப்புங்கள். அடுத்த இரண்டு மூன்று நாட்கள் காலையில் மட்டத்தைப் பாருங்கள். சிறிது இறங்குவது இயல்பு.

கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது. நிரப்பிக்கொண்டே இருக்கலாமா?

மூடிய சுற்றில் கூலன்ட் தானாகக் குறையாது; குறைந்தால் எங்கோ போகிறது. தண்ணீர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையைச் சுற்றி, ஹோஸ் இணைப்புகளில், ரேடியேற்றரின் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பில், காய்ந்த இளஞ்சிவப்பு அல்லது வெண்மையான பொருக்கு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். வெளியில் எதுவும் இல்லாமல் குறைந்தால் என்ஜினுக்குள்ளேயே எரிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில், காலையில் என்ஜின் தொடங்கும்போது சில வினாடி கடகடவென்று குலுங்குவதும் கூலன்ட் மெல்லக் குறைவதும் சேர்ந்து வந்தால், ஹெட் காஸ்கட்டை (என்ஜின் பிளாக்குக்கும் ஹெட் எனப்படும் அதன் மேற்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகட்டை) சோதிப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கசிவை அடைக்கும் தூள்களையும் திரவங்களையும் நான் பரிந்துரைப்பதில்லை. அவை கசிவையும் ஹீற்றரையும் பாகுபாடின்றி அடைக்கும்.

என் மெக்கானிக் இலங்கைக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று கழற்றிவிட்டார். சரியா?

சரியல்ல. சூட்டுப் பிரச்சினைக்கு இது பழைய கைமருந்து. காரணம் அப்படியே இருக்க, அறிகுறி மட்டும் சில காலம் மறையும். பெரும்பாலான ஜப்பானிய என்ஜின்களில் தெர்மோஸ்டாட் 82 பாகையை ஒட்டித் திறக்கும். அது இல்லாவிட்டால் என்ஜின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமாகி, பெற்றோல் கூடுதலாகச் செலவாகும், எண்ணெயில் ஈரம் தங்கும். மேலும், சில தெர்மோஸ்டாட்டுகள் திறக்கும்போதே பக்கவழியை மூடும் அமைப்புடையவை. அவற்றைக் கழற்றினால் சூடான கூலன்டில் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றி வரும். ஏற்றத்தில் என்ஜின் முன்னைவிடச் சூடாகும்.

நெரிசலில் சூடேறுகிறது, அதிவேக நெடுஞ்சாலையில் சரியாக இருக்கிறது. கூலன்டை மாற்றினால் தீருமா?

பெரும்பாலும் தீராது. நகராத காரில் காற்றை இழுப்பது விசிறி மட்டுமே. ஓடும்போது சரியாகி நிற்கும்போது சூடேறினால் விசிறி மோட்டார், அதன் ரிலே, அல்லது ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் அடைந்த குப்பையைப் பாருங்கள். மாறாக, தெற்கு அதிவேக நெடுஞ்சாலையிலோ கடுகண்ணாவை ஏற்றத்திலோ மட்டும் சூடேறினால் ரேடியேற்றரின் உட்புற அடைப்பு அல்லது பம்ப்.

சூடேறியபோது ஏ.சி.யை நிறுத்தி, ஹீற்றரை முழுவதும் திறந்து, ஓரங்கட்டுங்கள். ஆவி வந்தாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ என்ஜினை உடனே நிறுத்துங்கள். இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் சூட்டு மானியே இல்லை, விளக்கு மட்டுமே; அது எரியும்போது ஏற்கெனவே தாமதம். மூடியைத் தொடாதீர்கள், அமுக்கத்தில் அடங்கியிருக்கும் திரவம் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் பாயும். அருகிலுள்ள கடைக்காரர் அன்போடு கொண்டுவரும் வாளித் தண்ணீரையும் சூடான என்ஜினுக்குள் ஊற்ற வேண்டாம், ஹெட் வளைந்துவிடும்.

வடித்த பழைய கூலன்டை என்ன செய்வது?

முதலில் மூடியிட்ட கலனில் அடைத்து, பிள்ளைகளுக்கும் நாய் பூனைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. தரையில் தேங்கிய சிறிதளவை நக்கிய பூனை பிழைப்பது கடினம். நிலத்தில் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுத் துடைத்தெடுங்கள். குளிர்பானப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்க வேண்டாம். யாரேனும் விழுங்கிவிட்டால், முதல் சில மணி நேரம் வெறும் போதை போலத் தெரிந்து, பின்னரே சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால், ஆள் நன்றாக இருக்கிறார் என்று காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழைத்தோ நேரடியாகவோ மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். போத்தலையும் உடன் எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையமும் இயங்குகிறது.

மழைநீர்க் கானில் ஊற்றினால் அது வெள்ளவத்தை அல்லது தெகிவளைக் கால்வாய் வழியே நேரே கடலுக்குப் போகும். பழைய எண்ணெயைச் சேகரிக்கும் சேர்விஸ் நிலையத்தில் கேட்டுக் கொடுங்கள். எண்ணெயுடன் கலக்காமல் தனிக் கலனில் கொண்டுபோனால்தான் எடுத்துக்கொள்வார்கள்.